துப்பாக்கிக்கும் தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ்... குண்டு பட்டவருக்கு பில் கட்டப்போறது யாரு?

2023 ஜனவரி 6, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் வர்ஜீனியா மாகாணத்தில் நியூபோர்ட் நியூஸ் என்று ஓர் ஊர். அங்கே ரிச்னெக் தொடக்கப் பள்ளியில் ஒண்ணாம் வகுப்பு நடந்துக்கிட்டு இருந்தது. ஆறு வயசுப் பையன் ஒருத்தன் கைத்துப்பாக்கியை எடுத்து டீச்சரைச் சுட்டான். குண்டு அவர் கையைத் துளைத்து நெஞ்சில் பாய்ந்தது. டீச்சருக்கு அப்போது வயசு 25. பல அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு உயிர் பிழைத்தார்.

அந்தத் துப்பாக்கி பையனோட அம்மாவுடையது. வீட்டில் இருந்ததை எடுத்து ஸ்கூல் பேக்கில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். அம்மாவுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. சரி, டீச்சரோட ஆஸ்பத்திரிச் செலவு? இழந்த வேலை? இன்னும் போகாத பயம்?

டீச்சர் 4 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். அம்மா மேல் இல்லை, பள்ளி நிர்வாகத்தின் மேல். "இது பணியிடத்தில் நடந்த விபத்து. ஊழியர்களுக்கான நஷ்டஈட்டுத் திட்டத்தில் வர்ற தொகை மட்டும்தான்" என்று நிர்வாகத் தரப்பு வாதாடியது. டீச்சர் சுடப்பட்டதை, ஏணியிலிருந்து வழுக்கி விழுந்த மாதிரி கணக்கில் சேர்க்கப் பார்த்தார்கள். நீதிபதி அதை ஏற்கவில்லை. கடைசியில் 2025 நவம்பரில், பள்ளியின் முன்னாள் உதவி முதல்வர் 1 கோடி டாலர் தரணும் என்று ஜூரி சொன்னது. பையனிடம் துப்பாக்கி இருக்கலாம் என்று முன்கூட்டியே எச்சரித்தும் அவர் எதுவும் செய்யவில்லை என்பதுதான் காரணம்.

கவனிச்சீங்களா? துப்பாக்கிக்குச் சொந்தக்காரர் ஒருத்தர். பில் போய் நின்னது வேற வாசலில்.

அமெரிக்காவில் கொஞ்ச வருஷமா ஒரு கேள்வி சுத்திக்கிட்டே இருக்கு. துப்பாக்கி வெச்சிருக்கிற ஒவ்வொருத்தரும் கட்டாயம் இன்ஷூரன்ஸ் எடுக்கணும்னு சட்டம் போட்டா என்ன?

பைக் லாஜிக்

போன மாசம் என் பைக்குக்கு இன்ஷூரன்ஸ் புதுப்பிச்சேன். போனில் நாலு க்ளிக், வேலை முடிஞ்சது. "வண்டிக்கு ஒண்ணும் ஆகாது, எதுக்குடா இந்தக் காசு"ன்னு வருஷா வருஷம் புலம்புறது வழக்கம்தான். ஆனா தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் என் வண்டிக்கானது இல்லை. நான் யாரையாவது இடிச்சுட்டா, அந்த மனுஷன் என் பேங்க் பேலன்ஸை நம்பி இருக்கக் கூடாது என்பதற்காக. அதனால்தான் நம்ம மோட்டார் வாகனச் சட்டம் அதைக் கட்டாயமாக்கி வெச்சிருக்கு.

அமெரிக்காவில் இந்தக் கதை ரொம்பப் பழசு. 1927-லேயே மாசசூசெட்ஸ் மாகாணம் கார்களுக்கு இன்ஷூரன்ஸைக் கட்டாயமாக்கியது. இன்று கிட்டத்தட்ட எல்லா மாகாணங்களிலும் அதுதான் சட்டம்.

கட்டாய இன்ஷூரன்ஸ் ரெண்டு வேலை பார்க்கும். ஒண்ணு, அடிபட்டவருக்குப் பணம் உறுதி. ரெண்டு, ரிஸ்க்குக்கு ஒரு விலை வைக்கும். விபத்து பண்றவருக்கு பிரீமியம் ஏறும், ஒழுங்கா ஓட்டுறவருக்கு இறங்கும். போலீஸ்காரர் பின்னாடியே வராமலேயே பர்ஸ் ஒருத்தரைத் திருத்தும்.

இதையே துப்பாக்கிக்குக் கொண்டு வாங்க என்கிறது ஒரு தரப்பு. பீரோவில் பூட்டி வைக்கிறவருக்குக் குறைந்த பிரீமியம், தலையணைக்கு அடியில் வைக்கிறவருக்கு அதிகம். கேட்கும்போது எவ்வளவு நியாயமா இருக்கு? நானும் முதலில் அப்படித்தான் நினைச்சேன். பாலிசியோட பொடி எழுத்தைப் படிக்கிற வரைக்கும்.

சான் ஹோசே காட்டிய வழி

அமெரிக்காவில் இதை முதலில் சட்டமாக்கிய நகரம் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே. சிலிக்கான் வேலியின் பெரிய நகரம், நம்ம ஊர் ஐடி குடும்பங்கள் நிறைய வசிக்கும் இடம்.

2019 ஜூலை 28. சான் ஹோசேவுக்குத் தெற்கே இருக்கும் கில்ராய் ஊரில் வருஷா வருஷம் நடக்கும் பூண்டுத் திருவிழா. ஒருத்தன் துப்பாக்கியோடு உள்ளே புகுந்தான். இறந்த மூணு பேரில் ஒரு குழந்தைக்கு ஆறு வயசு, இன்னொரு சிறுமிக்கு 13. அதைத் தொடர்ந்து, அப்போது சான் ஹோசே மேயராக இருந்த சாம் லிகார்டோ இன்ஷூரன்ஸ் யோசனையை முன்வைத்தார். 2021 மே 26-ல் சான் ஹோசேவிலேயே ஒரு ரயில் பணிமனையில், ஊழியர் ஒருவர் கூட வேலை பார்த்த 9 பேரைச் சுட்டுக் கொன்றார். நகரம் உறைஞ்சு போச்சு. 2022 ஜனவரியில் நகர சபை சட்டத்தை நிறைவேற்றியது. 2023 ஜனவரி 1 முதல் அமல்.

சட்டம் என்ன சொல்லுது? துப்பாக்கி வைத்திருப்பவர் வீட்டு இன்ஷூரன்ஸோ, வாடகைதாரர் இன்ஷூரன்ஸோ, துப்பாக்கிக்கென்றே தனி இன்ஷூரன்ஸோ ஒண்ணு எடுக்கணும். அது துப்பாக்கி 'தற்செயலாக' வெடித்து ஏற்படும் சாவு, காயம், சேதத்துக்குப் பொறுப்பேற்கணும். படிவத்தில் விவரம் எழுதித் துப்பாக்கியோடு வெச்சுக்கணும். குறைந்தபட்சம் இத்தனை டாலருக்கு என்று வரம்பு கிடையாது. இதோடு ஆளுக்கு வருஷம் 25 டாலர் கட்டணமும் தனியாக உண்டு. போலீஸ்காரர்களுக்கும், கட்டணம் கட்ட வசதி இல்லாதவர்களுக்கும் விலக்கு.

'தற்செயலாக' என்ற அந்த ஒரு வார்த்தையில் நில்லுங்க. பூண்டுத் திருவிழாவில் சுட்டவன் தற்செயலாகச் சுடலை. ரயில் பணிமனையில் நடந்ததும் விபத்து இல்லை. எந்த ரெண்டு சம்பவங்கள் ஒரு நகரத்தை இந்தச் சட்டத்தை நோக்கித் தள்ளியதோ, அந்த ரெண்டுக்குமே இந்த இன்ஷூரன்ஸ் பத்து பைசா தராது.

வீட்டைக் கொளுத்திட்டு க்ளெய்ம் கேட்கலாமா?

இது சான் ஹோசே அதிகாரிகள் கவனிக்காம விட்ட ஓட்டை இல்லை. இன்ஷூரன்ஸின் அடிப்படையே அப்படித்தான். நம்ம வீட்டை நாமளே கொளுத்திட்டு க்ளெய்ம் கேட்க முடியாது. வேண்டுமென்றே செய்த காரியத்துக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது. கொடுத்தால் அது குற்றத்துக்கே கேரன்ட்டி கார்டு கொடுத்த மாதிரி ஆயிடும்.

இப்போ கணக்கைப் பாருங்க. 2021-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் தற்கொலை 26,328. கொலை 20,958. தவறுதலாகச் சுடப்பட்டு இறந்தவர்கள் 549. மீதி, போலீஸ் சுட்டதும் காரணம் தெரியாததும்.

549. நூற்றுக்கு ஒண்ணு சொச்சம். 'விபத்துக்கு மட்டும்' என்ற இன்ஷூரன்ஸ் தொடுவது இந்த ஒரு சதவிகிதத்தைத்தான். யானைப் பசிக்குச் சோளப்பொரி!

எதிர்த்தரப்பு இங்கேதான் சிரிக்கிறது. "திருடன் பாலிசி எடுப்பானா? ஒழுங்கானவன் காசு கட்டுவான், ரௌடி ஜாலியாச் சுத்துவான். ஒழுங்கானவனுக்கு அபராதம் போடத்தானே இது?" துப்பாக்கிகளுக்கு நாடு முழுவதற்குமான பதிவேடு வைக்கக் கூடாது என்று 1986-லேயே அங்கே மத்திய சட்டம் இருக்கு. யார்கிட்ட துப்பாக்கி இருக்குன்னே தெரியாதபோது, யார் இன்ஷூரன்ஸ் எடுக்கலைன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?

கேள்வி சரிதான். ஆனா இன்ஷூரன்ஸ் இல்லாம ஓடுற வண்டிகள் நம்ம ரோட்டிலும் லட்சக்கணக்கில் இருக்கு. அதுக்காக யாரும் தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸே வேண்டாம்னு சொல்றதில்லை. அதனால 'ரௌடி எடுக்க மாட்டான்' என்பதோடு பேச்சை முடிச்சுட முடியாது. ரௌடியை விடுங்க, துப்பாக்கி வெச்சிருக்கிற சாதாரண குடும்பஸ்தருக்கு இந்தச் சட்டத்தால என்ன மாறும்? அதுக்குப் பதில் 2012-ல் நடந்த ஒரு சம்பவத்தில் இருக்கு.

சாண்டி ஹூக் சொல்லும் பாடம்

2012 டிசம்பர் 14. கனெக்டிகட் மாகாணம், நியூடவுன். சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 20 வயசு இளைஞன் ஒருத்தன் 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் சுட்டுக் கொன்றான். பள்ளிக்குப் போகும் முன் வீட்டில் தன் அம்மாவையும் கொன்றிருந்தான். துப்பாக்கி அம்மா சட்டப்படி வாங்கியது.

கொலைகாரனின் செயலுக்கு எந்த இன்ஷூரன்ஸும் பொறுப்பில்லை. ஆனால் சில குடும்பங்கள் வேறு ஒரு கேள்வியோடு கோர்ட்டுக்குப் போனார்கள். 'அந்தத் துப்பாக்கியை அவன் கைக்கு எட்டும்படி வைத்தது யார்?' அம்மாவின் அஜாக்கிரதை என்ற அடிப்படையில், அவர் விட்டுச் சென்ற சொத்தின் மீது வழக்கு. 2015-ல் சமரசம் ஆனது. 16 தரப்புக்கும் சேர்த்து 15 லட்சம் டாலர். அதாவது ஒரு தரப்புக்கு 93,750 டாலர். அந்தப் பணம் வந்தது அம்மாவின் வீட்டு இன்ஷூரன்ஸிலிருந்து!

ஒரு குழந்தையின் உயிருக்கு 93,750 டாலரா என்று கேட்டால் பதில் சொல்ல நாக்கு எழாது. ஆனால் ஒரு விஷயம் தெளிவாகுது. சுட்டவனின் வன்மத்துக்கு இன்ஷூரன்ஸ் இல்லை. சுட விட்டவரின் அலட்சியத்துக்கு இன்ஷூரன்ஸ் உண்டு. 'யார் சுட்டது'ன்னு மட்டும் கேட்டா பாலிசி கையை விரிச்சுடும். 'துப்பாக்கி எங்கே கிடந்தது'ன்னு கேட்டா அதே பாலிசி பதில் சொல்லியாகணும்.

இந்த அலட்சியம் சின்ன விஷயமா? 2015-ல் நடந்த ஆய்வு ஒன்றின்படி, தோட்டா நிரப்பிய, பூட்டாத துப்பாக்கி இருக்கும் வீடுகளில் வாழும் அமெரிக்கக் குழந்தைகள் 46 லட்சம். 2017 முதல் 2021 வரை தனிநபர்களிடமிருந்து திருடு போனதாகப் புகார் ஆன துப்பாக்கிகள் 10 லட்சத்துக்கு மேல். ரௌடி பாலிசி எடுக்க மாட்டான், வாஸ்தவம்தான். அவன் கையில் இருக்கும் துப்பாக்கி ஒழுங்கானவர் ஒருத்தர் பூட்டாமல் விட்ட காரிலிருந்தும் போயிருக்கலாம், இல்லையா?

ஏற்கெனவே பில் கட்டிக்கொண்டிருப்பவர்கள்

துப்பாக்கிச் சூட்டுக்கு இன்ஷூரன்ஸ் பணம் தருவது புதுசும் இல்லை. 2017 அக்டோபர் 1-ம் தேதி லாஸ் வேகஸில், ஓட்டலின் 32-வது மாடியிலிருந்து ஒருவர் எதிரே நடந்த இசைக் கச்சேரிக் கூட்டத்தைச் சுட்டார். காயத்தால் பின்னர் இறந்தவர்களையும் சேர்த்து 60 பேர் பலி. 2020-ல் ஓட்டலை நடத்திய எம்ஜிஎம் நிறுவனம் 80 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அதில் சுமார் 75 கோடி டாலர் அதன் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் தந்தது.

சாண்டி ஹூக்கில் பயன்பட்ட துப்பாக்கியைத் தயாரித்த ரெமிங்டன் மீதும் வழக்கு நடந்தது. துப்பாக்கித் தயாரிப்பாளர்கள் மேல் சுலபமாக வழக்குப் போட முடியாதபடி 2005-ல் ஒரு மத்திய சட்டமே வந்திருக்கு. அதையும் தாண்டி ஒன்பது குடும்பங்கள் விடாமல் போராடின. 2022-ல் 7.3 கோடி டாலர் சமரசம். கம்பெனி திவாலாகிவிட்டதால் கொடுத்தது அதன் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள்தான்.

ஆக, ஓட்டலின் இன்ஷூரன்ஸ் கொடுக்குது, தயாரிப்பாளரின் இன்ஷூரன்ஸ் கொடுக்குது, பள்ளி மேல கேஸ் போகுது. துப்பாக்கியைச் சொந்தமா வெச்சிருந்தவர் மட்டும் பெரும்பாலும் இந்தப் பட்டியலில் இல்லை. காரணம் எளிமையானது. வக்கீல்கள் பணம் எங்கே இருக்கோ அங்கேதான் நோட்டீஸ் அனுப்புவாங்க.

பணக்கார ஓட்டலில் சுடப்பட்டால் நஷ்டஈடு உண்டு. தெருமுனையில் சுடப்பட்டால்? அங்கே கேஸ் போட ஆளும் இல்லை, கட்ட கம்பெனியும் இல்லை. கடைசியில் அரசாங்கம்தான். துப்பாக்கிக் காயங்களுக்கு முதல்கட்ட ஆஸ்பத்திரிச் செலவு மட்டும் வருஷத்துக்கு 100 கோடி டாலருக்கு மேல் ஆவதாகவும், அதில் 60 சதவிகிதத்துக்கு மேல் ஏழைகளுக்கான மெடிக்எய்டு போன்ற அரசுத் திட்டங்களில் இருப்பவர்களுக்கான செலவு என்றும் அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பே 2021-ல் சொன்னது. வாழ்க்கையில் துப்பாக்கியையே தொடாதவரும் வரி வழியா அந்த பில்லைக் கட்டிக்கிட்டுதான் இருக்கார்.

'மர்டர் இன்ஷூரன்ஸ்' என்ற முரண்

இதில் ஒரு காமெடி, ஆனா சீரியஸான காமெடி. 2017-ல் துப்பாக்கி உரிமையாளர்களின் சங்கமான தேசிய ரைஃபிள் சங்கம் 'கேரி கார்டு' என்று ஒரு இன்ஷூரன்ஸைக் கொண்டு வந்தது. தற்காப்புக்காகச் சுட்டேன் என்று சொல்பவருக்கு வக்கீல் செலவு உட்பட உதவும் பாலிசி. அப்போது துப்பாக்கிக் கட்டுப்பாடு கேட்பவர்கள் அதை 'மர்டர் இன்ஷூரன்ஸ்' என்று திட்டித் தீர்த்தார்கள். 2018-ல் நியூயார்க் மாகாணம் அதை விற்ற லாக்டன் நிறுவனத்துக்கு 70 லட்சம் டாலர், சப் நிறுவனத்துக்கு 13 லட்சம் டாலர் அபராதம் போட்டது.

நாலு வருஷத்தில் காட்சி அப்படியே திரும்பிடுச்சு. அன்னைக்கு இன்ஷூரன்ஸ் கூடாதுன்னு சொன்ன தரப்பு இன்னைக்குக் கட்டாயம் வேணும்னு சொல்லுது. அன்னைக்கு விற்ற தரப்பு இன்னைக்கு அதுவே உரிமை மீறல்னு சொல்லுது.

ரெண்டும் வேற வேற பாலிசி என்பதுதான் விஷயம். ஒண்ணு சுட்டவரைக் காப்பாத்தும். இன்னொண்ணு சுடப்பட்டவருக்குக் கொடுக்கும். சட்டம் எழுதுறவங்க இந்த வித்தியாசத்தைத் தெளிவா எழுதலைன்னா, கட்டாய இன்ஷூரன்ஸ் என்ற பேரில் முதல் வகை பாலிசிதான் அமோகமா விற்கும்.

ஒரே கேள்வி, ரெண்டு தீர்ப்பு

கார் ஓட்டுறது அமெரிக்க அரசியல் சட்டம் கொடுத்த உரிமை இல்லை. துப்பாக்கி வைத்திருப்பது உரிமை. இரண்டாவது சட்டத்திருத்தம் என்கிறார்களே, அதுதான். 2022 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், எந்தத் துப்பாக்கிச் சட்டமும் அந்த நாட்டின் வரலாற்று மரபோடு பொருந்தணும் என்று சொல்லிவிட்டது. 1800-களில் துப்பாக்கி இன்ஷூரன்ஸ் இருந்ததா என்ன?

இன்ஷூரன்ஸ் இல்லை. ஆனால் ஜாமீன் மாதிரி ஒண்ணு இருந்தது. 1836-ல் மாசசூசெட்ஸில் வந்த சட்டப்படி, ஆயுதத்தோடு நடமாடுபவரால் ஆபத்து என்று ஒருவர் நியாயமான பயத்தோடு முறையிட்டால், அந்த ஆள் உத்தரவாதத் தொகை கட்டணும். சான் ஹோசே வழக்கில் மத்திய நீதிபதி பெத் லேப்சன் ஃப்ரீமன், இன்ஷூரன்ஸும் அதுபோலத்தான் என்று கருதி, 2022 ஆகஸ்டில் சட்டத்துக்குத் தடை விதிக்க மறுத்தார்.

நாட்டின் மறுகோடியில் நியூஜெர்சி. இதுவும் நம்ம ஆட்கள் நிறைய இருக்கும் மாகாணம்தான். 2022 டிசம்பரில் ஆளுநர் ஃபில் மர்ஃபி ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். பொது இடத்தில் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்பவர் குறைந்தது 3 லட்சம் டாலருக்கு இன்ஷூரன்ஸ் வைத்திருக்கணும். நம்ம காசில் ரெண்டரைக் கோடி ரூபாய்க்கு மேல். 2023 மே மாதம், அமலுக்கு வரும் முன்பே மத்திய நீதிபதி ரெனே பம் அதற்குத் தடை போட்டார். அந்தப் பழைய ஜாமீன் சட்டம் ஆபத்தானவர் என்று புகார் வந்த ஆளுக்கு மட்டும்தான், எல்லாருக்கும் இல்லை என்பது அந்தத் தரப்பின் வாதம். டெக்சாஸோ ஒரு படி மேலே போய், உள்ளூர் நிர்வாகங்கள் இப்படி ஒரு இன்ஷூரன்ஸைக் கட்டாயப்படுத்தவே கூடாது என்று 2023-ல் சட்டம் போட்டுவிட்டது.

நியூஜெர்சி சட்டத்தில் எனக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு. அது இடுப்பில் இருக்கும் துப்பாக்கியைக் குறிவெச்சது. நியூபோர்ட் நியூஸிலும் சாண்டி ஹூக்கிலும் ஆபத்து கிளம்பியது வீட்டில் இருந்த துப்பாக்கியிலிருந்து.

பிரீமியம் பேசுமா?

ரிஸ்க்குக்கு விலை வெச்சா ஆட்கள் திருந்துவாங்க என்ற வாதத்துக்கு வருவோம். அமெரிக்காவில் வீட்டு இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது, கடிக்கிற ரக நாய் இருக்கா, நீச்சல் குளம் இருக்கா, பசங்க குதிக்கிற ட்ராம்போலின் இருக்கான்னு எல்லாம் கேட்கிறது சகஜம். துப்பாக்கி விஷயத்தில் மட்டும் பல இடங்களில் கம்பெனிகளின் கையைக் கட்டிப்போட்டிருக்காங்க. ஒபாமா காலத்து மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்திலேயே, துப்பாக்கி வைத்திருப்பதைக் காரணம் காட்டி மருத்துவ பிரீமியத்தை ஏற்றக் கூடாது என்று ஒரு விதி இருக்கு. ஃப்ளோரிடாவில், சட்டப்படி துப்பாக்கி வைத்திருப்பதைக் காரணமாகச் சொல்லி பாலிசி மறுக்க முடியாது.

'பூட்டி வெச்சிருக்கீங்களா'ன்னு கேட்கவே முடியாத, பதிலுக்கு ஏத்த மாதிரி விலை மாறாத இன்ஷூரன்ஸ் யாரையும் திருத்தாது. அது வெறும் இன்னொரு ரசீதா பைலில் கிடக்கும்.

இன்னொரு பக்கத்தையும் நேர்மையாகப் பேசணும். பிரீமியம் ரொம்ப ஏறினா என்ன ஆகும்? பங்களாவாசி அலட்டிக்காம கட்டிடுவார். ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு, அடிக்கடி திருட்டு நடக்கும் ஏரியாவுக்குத் தனியா வீடு திரும்பும் பெண்ணால் கட்ட முடியாது. கறுப்பின மக்களிடம் துப்பாக்கி போகாமல் தடுக்க விதிகளையும் கட்டணங்களையும் பயன்படுத்திய வரலாறு அந்த நாட்டுக்கு உண்டு. உரிமை என்று ஒண்ணை எழுதி வெச்சுட்டு, பணம் இருக்கிறவங்களுக்கு மட்டும்னு வாசலில் போர்டு மாட்ட முடியாது. சான் ஹோசே சட்டம் வசதி இல்லாதவர்களுக்கு விலக்கு கொடுத்தது அதனால்தான். ஆனால் விலக்கு பெற்றவர் துப்பாக்கியால் அடிபட்டவருக்கு யார் கொடுப்பார்கள்? சுத்திச் சுத்தி அதே கேள்விக்கே வந்து நிற்கிறோம்.

மானுக்கு வரி உண்டு, மனுஷனுக்கு?

இதுக்கு ஒரு வழி ஏற்கெனவே அங்கே இருக்கு. தெரிஞ்சப்போ எனக்கே ஆச்சரியமா இருந்தது. அமெரிக்காவில் விற்கப்படும் கைத்துப்பாக்கிகள் மேல் 10 சதவிகிதமும், மற்ற துப்பாக்கிகள், தோட்டாக்கள் மேல் 11 சதவிகிதமும் மத்திய வரி உண்டு. 1937-ல் வந்த ஒரு சட்டப்படி அந்தப் பணம் எங்கே போகுது தெரியுமா? காட்டு விலங்குகளைப் பாதுகாக்க. வேட்டையால் விலங்குகள் குறையக் கூடாது, அதுக்கான செலவைத் துப்பாக்கி வாங்குறவங்களே ஏத்துக்கணும் என்ற எண்ணம். வேட்டைக்காரர்களே பெருமையாகப் பேசும் சட்டம் அது.

மானுக்கு 1937-லேயே புரிந்த நியாயம் மனுஷனுக்கு வர ரொம்ப நாள் ஆச்சு. 2024 ஜூலை முதல் கலிஃபோர்னியா துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் கூடுதலாக 11 சதவிகித வரி போட்டு, வன்முறைத் தடுப்புக்கும் பள்ளிப் பாதுகாப்புக்கும் கொடுக்குது. 2024 நவம்பரில் கொலராடோ மக்கள் 6.5 சதவிகித வரிக்கு ஓட்டுப் போட்டார்கள். அந்தப் பணத்தின் பெரும்பகுதி குற்றங்களால் பாதிக்கப்பட்டவர்களுக்கான சேவைகளுக்கு.

இன்ஷூரன்ஸ் செய்ய முடியாததை இந்த வரி செய்யும். வேண்டுமென்றே சுட்டதா, தவறிச் சுட்டதா என்று பாலிசியைப் புரட்டாது. சுட்டவன் பிடிபடாவிட்டாலும் அடிபட்டவருக்கு உதவ முடியும். ஆனால் வரிக்கு ஒரு குறை. பூட்டி வைத்தவருக்கும் பூட்டாதவருக்கும் அது ஒரே ரேட்.

சரி, கட்டாயமாக்கலாமா?

என் பதில், ஆக்கலாம். ஆனால் எதுக்குன்னு உண்மையைச் சொல்லி ஆக்கணும்.

மாஸ் ஷூட்டிங்கைத் தடுக்கும்னு சொல்லி விற்காதீங்க. தடுக்காது. தற்கொலையையும் தடுக்காது. துப்பாக்கிச் சாவில் பாதிக்கு மேல் அதுதான், அதுக்கு வேண்டியது வேறு வழிகள். கண்ணீர் காயும் முன்னே ஒரு சட்டத்தைப் போட்டு 'முடிச்சுட்டோம்'னு கை தட்டிக்கிட்டா, அடுத்த சம்பவத்தில் ஜனங்களுக்கு சட்டத்தின் மேலேயே நம்பிக்கை போயிடும்.

துப்பாக்கியைப் பத்திரமா வெச்சுக்கிற பொறுப்புக்கு இன்ஷூரன்ஸ் கட்டாயம்னு சொல்லுங்க. குழந்தை கைக்குப் போனது, கேட்பாரற்ற காரிலிருந்து திருடு போனது, துடைக்கும்போது வெடிச்சது, இதெல்லாம் அதில் வரணும். கடைசியில் சுட்டது யாராக இருந்தாலும், உரிமையாளரின் அலட்சியத்துக்குப் பணம் கிடைக்கும்னு தெளிவா எழுதணும். எங்கே, எப்படி வெச்சிருக்கீங்கன்னு கம்பெனி கேட்க அனுமதி வேணும். பெட்டி வாங்கிப் பூட்டினா பிரீமியம் குறையணும். சுட்டவருக்கே வக்கீல் வைக்கிற பாலிசியை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. மீதியிருக்கிற பெரிய பில்லுக்கு வரிப்பணத்தில் ஒரு நிதி.

இப்போ மறுபடி அந்த ஒண்ணாம் வகுப்புக்கு வாங்க. கட்டாய இன்ஷூரன்ஸ் இருந்திருந்தா அந்த டீச்சர் சுடப்பட்டிருக்க மாட்டார்னு என்னால் அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனால் துப்பாக்கி வாங்கிய நாளில், "வீட்ல குழந்தை இருக்கா? இருந்தா துப்பாக்கியை எங்கே வெப்பீங்க? பூட்டு இருக்கா?"ன்னு அந்த அம்மாவிடம் ஒருத்தராவது கேட்டிருப்பாங்க. தீபாவளி ஆஃபர் மாதிரி "பெட்டி வாங்கினா பிரீமியத்தில் தள்ளுபடி"ன்னு சொல்லியிருப்பாங்க. அப்பவும் பூட்டாம விட்டிருந்தா, ஆஸ்பத்திரியில் கிடந்த ஒரு டீச்சர் யார் மேல கேஸ் போடுறதுன்னு தேடி மூணு வருஷம் கோர்ட்டு வாசலில் நின்னிருக்க வேண்டாம்.

அடுத்த தடவை உங்க பைக் இன்ஷூரன்ஸைப் புலம்பிக்கிட்டே புதுப்பிக்கும்போது ஒரு நொடி யோசிங்க. ரோட்டில் நமக்கு முகம் தெரியாத யாரோ ஒருத்தருக்காக நாம கட்டுற காசு அது. ஆளைக் கொல்லவே செய்யப்பட்ட பொருளை வீட்டில் வெச்சிருக்கிறவங்களிடம் அதே அளவு பொறுப்பையாவது கேட்கிறது பெரிய தப்பா?